பிள்ளைகளோடு இருந்து பார்த்த படங்கள்

கோவில் முற்றத்தில் இரண்டு தென்னை மரங்களுக்கு இடையில் வெள்ளைத் துணி கட்டிப் படம் காட்டிய அந்த இரவை என்னால் மறக்க முடியாது. அது 2011ஆம் ஆண்டுத் தவக்காலம். மெனிக் பாம் முகாமில் இருந்து நாங்கள் ஊருக்குத் திரும்பி ஐந்தாறு மாதங்கள்தான் ஆகியிருந்தன. வீடு இருந்த இடத்தில் தறப்பாள் கொட்டில். மின்சாரம் இல்லை. பின்னேரம் ஜெனரேற்றர் சத்தம் கேட்டதுமே பிள்ளைகள் பாய்களைத் தூக்கிக்கொண்டு கோவிலடிக்கு ஓடினார்கள். "இயேசு படம் போடப் போகினமாம்" என்று ஊரே கூடியது. சைவச் சனங்களும் வந்திருந்தார்கள். நீண்ட காலத்துக்குப் பிறகு எங்கள் ஊர் ஓரிடத்தில் ஒன்றாகக் குந்தியிருந்தது அன்றைக்குத்தான்.

வெளியில் இருந்து வந்தவர்கள் போட்ட படம், மெல் கிப்சன் இயக்கி 2004இல் வெளிவந்த 'த பாஷன் ஒஃப் த கிறைஸ்ற்'. இயேசுவின் கடைசிப் பன்னிரண்டு மணித்தியாலங்களைக் காட்டுகிற படம். அது சிறுவர்களுக்கு உரியதல்ல. அமெரிக்காவிலேயே 17 வயதுக்குக் குறைந்தவர்கள் பெரியவர்களின் துணையில்லாமல் பார்க்க முடியாதென்று வகைப்படுத்தப்பட்டது. இதெல்லாம் எனக்குப் பிறகு தெரிய வந்தது. அன்றைக்கு எங்களுக்கு யாரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. இயேசு படம்தானே, பிள்ளைகள் பார்த்தால் நல்லதுதானே என்று நினைத்தோம்.

கசையடிக் காட்சி வந்தபோது என் மடியில் இருந்த மகன் எழும்பி இருட்டுக்குள் ஓடினான். அவனுக்கு அப்போது ஏழு வயது. கவிழ்த்து வைத்திருந்த வள்ளம் ஒன்றின் பின்னால் காதைப் பொத்திக்கொண்டு இருந்தவனைக் கண்டுபிடித்தேன். "என்ன தம்பி, என்ன செய்யுது?" என்று கேட்டேன். "அக்காவுக்கும் இப்பிடித்தான் ரத்தம் வந்தது" என்றான்.

சகோதரிகளே, அவனுடைய அக்கா, என் மூத்த பிள்ளை, 2009ஆம் ஆண்டு மே மாதம் முள்ளிவாய்க்காலில் ஷெல் துண்டு பட்டு இறந்தாள். அவளுக்குப் பத்து வயது. அந்த நாளில் இருந்து இரண்டு வருடமாக எங்கள் வீட்டில் அவளைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை பேசியதில்லை. இவர் பேசமாட்டார். நான் பேசினால் அழுதுவிடுவேன் என்று பேசமாட்டேன். ஐந்து வயதில் பார்த்ததைச் சின்னவன் மறந்திருப்பான் என்று நானே எனக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். அவன் மறக்கவில்லை என்பதை அந்த இரவில் அறிந்தேன்.

அன்றைக்கு எனக்குக் கோபம்தான் வந்தது. இரத்தத்துக்குள்ளே நடந்து வந்த பிள்ளைகளுக்கு இரத்தத்தைக் காட்டுவதா என்று மனம் கொதித்தது. பெரியவர்கள் அந்தப் படத்தைப் பார்த்து அழுது மனம் தேறினால் அது அவர்களுடைய விசுவாசம். அதில் நான் குறை சொல்ல வரவில்லை. ஆனால் பிள்ளைகளை மடியில் வைத்துக்கொண்டு பார்க்கிற படம் வேறாக இருக்க வேண்டும் அல்லவா? அந்த வேறு படங்களைத் தேடிய கதையைத்தான் உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

மரத்தில் ஏறிய மாமா

நான் சிறுமியாக இருந்த எண்பதுகளில் ரீ.வி.யும் டெக்கும் வாடகைக்கு எடுத்து, கோவில் மண்டபத்தில் வைத்து இயேசுவின் படம் போட்டார்கள். தெலுங்கில் 1978இல் வெளிவந்த 'கருணாமயுடு' படத்தின் தமிழ் வடிவம் அது. 'பாசமலர்', 'பாவ மன்னிப்பு' படங்களை எடுத்த அதே ஏ. பீம்சிங் இயக்கியது. இயேசுவாக நடித்தவர் விஜயசந்தர். எங்கள் அம்மம்மா செபமாலையைக் கையில் பிடித்தபடி பார்த்து அழுதார். இயேசுவும் மாதாவும் எங்கள் பக்கத்து மனிதர்களைப் போலத் தெரிந்ததே அந்தப் படத்தின் பெலன் என்று இப்போது நினைக்கிறேன்.

அதற்குப் பிறகு நான் பார்த்தது 'இயேசு' என்ற படம். அதை 2003இல் பார்த்தோம். சமாதான காலம், பாதை திறந்திருந்தது. ஒரு குழுவினர் புரொஜெக்ரர் கொண்டுவந்து தமிழில் காட்டினார்கள். 1979இல் வெளிவந்த இந்தப் படம் லூக்கா எழுதிய நற்செய்தியை அடியொற்றியது. இயேசுவாக நடித்தவர் பிரையன் டீக்கன் என்ற இங்கிலாந்து நடிகர். இஸ்ரேல் நாட்டில், அந்தச் சம்பவங்கள் நடந்த மண்ணிலேயே படம் பிடித்தார்கள். உலகத்தில் ஆகக் கூடுதலான மொழிகளில் குரல் மாற்றப்பட்ட படம் இதுதான். இன்றைக்கு அது 2000 மொழிகளையும் தாண்டிவிட்டது. இயேசு தமிழிலே பேசியதைக் கேட்டு அன்றைக்குச் சனம் வியந்துபோய் இருந்தது.

அந்தப் படத்தில் சக்கேயு என்ற கட்டையான மனிதன் வருவான். வரி தண்டுகிறவன், பணக்காரன். கூட்டத்தில் இயேசுவைப் பார்க்க முடியாமல் மரத்தில் ஏறி இருப்பான். இயேசு மேலே பார்த்து அவனை இறங்கி வரச் சொல்லி, இன்றைக்கு உன் வீட்டில்தான் தங்க வேண்டும் என்பார். என் மகளுக்கு அப்போது நான்கு வயது. தகப்பனின் தோளில் இருந்து பார்த்தவள் அந்தக் காட்சியில் கைகொட்டிச் சிரித்தாள். "மரத்தில ஏறின மாமா" என்று பல நாள் அதையே சொல்லிக்கொண்டு திரிந்தாள். வேலிக் கதியாலில் ஏறி நின்று "இயேசப்பா, நான் இஞ்ச இருக்கிறன்" என்று கூப்பிடுவாள்.

நல்ல குடும்பப் படம் எது என்று யாராவது கேட்டால் எனக்கு முதலில் அந்தச் சிரிப்புத்தான் ஞாபகம் வருகிறது. அந்தப் படத்திலும் சிலுவைப்பாடு இருக்கிறது. ஆனால் அது மட்டுமே படமில்லை. குழந்தைகள், மீன்பிடி வள்ளங்கள், கலியாண வயதுப் பெண்ணான மரியா, கேள்வி கேட்கும் பரிசேயர் என்று ஒரு முழு வாழ்க்கையும் வந்த பிறகுதான் சிலுவை வருகிறது. அதற்குப் பின்னால் உயிர்ப்பும் வருகிறது.

பொம்மைகளாகச் செய்த படம்

2012இல் எங்கள் ஊர் முன்பள்ளிக்கு உதவியாக ஓர் அருட்சகோதரி வந்துபோவார். மகன் படத்தில் இருந்து ஓடிய கதையை அவரிடம் சொன்னேன். அவர் அடுத்த முறை வரும்போது மடிக்கணினியும் ஓர் இறுவட்டும் கொண்டுவந்தார். 'த மிரக்கிள் மேக்கர்', அற்புதங்கள் செய்பவர் என்று பொருள். 2000ஆம் ஆண்டில் வெளியான அந்தப் படத்தை பிரித்தானியாவின் வேல்ஸ் பகுதிக் கலைஞர்களும் ரஷ்யக் கலைஞர்களும் சேர்ந்து செய்திருக்கிறார்கள். டெரெக் ஹேய்ஸ், ஸ்ரனிஸ்லாவ் சோகோலோவ் என்ற இருவர் இயக்கியது. ஓடும் நேரம் சுமார் ஒன்றரை மணித்தியாலம்.

இந்தப் படத்தில் மனிதர்கள் நடிக்கவில்லை, எல்லாம் பொம்மைகள். பொம்மையின் கையையோ தலையையோ மயிரளவு அசைத்து ஒரு படம் எடுப்பார்கள். பிறகு இன்னும் கொஞ்சம் அசைத்து இன்னொரு படம். அவற்றைத் தொடர்ந்து ஓட்டும்போது பொம்மை நடக்கும், பேசும். இயேசு சொல்லும் உவமைக் கதைகளும், ஒருவரின் மனதுக்குள் நடக்கும் போராட்டமும் வரும் இடங்களில் மட்டும் கையால் வரைந்த சித்திரங்களாக மாறிவிடும். அருட்சகோதரி இதை விளங்கப்படுத்தியபோது, மன்னார்ப் பக்கத்தில் பிறந்து எங்கள் ஊருக்கு வாழ்க்கைப்பட்டு வந்த ஓர் ஆச்சி, "இது எங்கட பேசாலை உடக்குப் பாஸ் மாதிரியெல்லோ" என்றார். உருவங்களை வைத்து இயேசுவின் பாடுகளைக் காட்டும் அந்தப் பழைய வழக்கம் எங்கள் சனத்துக்குப் புதிதல்ல. யாழ்ப்பாணத்தில் 1965இல் தொடங்கிய திருமறைக் கலாமன்றம் போன்றவை மேடையில் பாடுகளின் காட்சிகளைப் பெரிய அளவில் செய்ததையும் பலர் அறிவீர்கள். உண்மை மனித உடலில் இருந்து இரத்தம் வடிவதைப் பார்ப்பதற்கும், மரத்தாலும் துணியாலும் ஆன உருவத்தில் பார்ப்பதற்கும் வித்தியாசம் இருக்கிறது. பொம்மை என்று பிள்ளைக்குத் தெரியும். அதனால் அது பயப்படாமல் கதையைப் பார்க்கும்.

இந்தப் படம் ஒரு சிறுமியின் கண்ணால் சொல்லப்படுகிறது. யாயிர் என்ற தொழுகைக்கூடத் தலைவருடைய மகள். அவளுக்குத் தாமார் என்று படத்தில் பெயர் வைத்திருக்கிறார்கள். நோயாளியான அவளைத் தகப்பனும் தாயும் வைத்தியரிடம் காட்ட செப்போரிஸ் என்ற நகரத்துக்குக் கூட்டிச் செல்வதில் கதை தொடங்கும். அங்கே இயேசு கட்டட வேலை செய்கிற தச்சனாக இருக்கிறார்.

பைபிள் படித்தவர்களுக்கு இந்தக் கதை தெரியும். யாயிரின் மகளுக்குப் பன்னிரண்டு வயது. அவள் சாகக் கிடக்கிறாள். தகப்பன் ஓடிவந்து இயேசுவின் காலில் விழுகிறான். வழியில் பன்னிரண்டு வருடம் இரத்தப்போக்கினால் வருந்திய ஒரு பெண் இயேசுவின் ஆடையைத் தொடுகிறாள். அதில் நேரம் போகிறது. அதற்குள் "பிள்ளை இறந்துவிட்டாள், இனிப் போதகரைத் தொந்தரவு செய்ய வேண்டாம்" என்று செய்தி வருகிறது.

படம் ஆங்கிலத்தில் இருந்ததால் அருட்சகோதரி இடையிடையே நிறுத்தித் தமிழில் கதை சொன்னார். முன்பள்ளியின் சிறிய அறையில் இருபது பிள்ளைகள் பாயில் இருந்தார்கள். எங்களைக் கூட்டிப்போக ரோர்ச் லைற்றோடு வந்த என் கணவர் உள்ளே வராமல் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். இயேசு அந்தச் சிறுமியின் கையைப் பிடித்து எழுப்பும் காட்சி வந்தது. பிள்ளைகள் கைதட்டினார்கள். நான் திரும்பிப் பார்த்தேன். வாசலில் அவர் இல்லை.

மகன் கேட்ட கேள்வி

வீட்டுக்குப் போகும் வழியில் மகன் கேட்டான்.

"அம்மா, அந்தப் பிள்ளையை எழுப்பினவர் ஏன் எங்கட அக்காவை எழுப்பேல்லை?"

இந்தக் கேள்விக்கு நான் அன்றைக்கும் பதில் சொல்லவில்லை. இன்றைக்கும் என்னிடம் பதில் இல்லை. "அக்கா சாமியிட்ட போயிட்டா" என்று சொல்லலாம். முகாமில் எத்தனையோ பேர் எனக்கு அப்படிச் சொன்னார்கள். அது என்னைத் தேற்றவில்லை. எட்டு வயதுப் பிள்ளையை மட்டும் அது எப்படித் தேற்றும்? "எனக்குத் தெரியாது தம்பி. எனக்கும் அதே கேள்விதான்" என்று சொன்னேன். முன்னால் ரோர்ச் பிடித்து நடந்தவர் ஒன்றும் சொல்லவில்லை.

அன்று இரவு சின்னவன் படுத்த பிறகு, அடுப்படியில் கிழிந்த வலையை மடியில் போட்டுப் பொத்திக்கொண்டிருந்தவர் தலையை நிமிர்த்தாமலே பேசினார்.

"அந்தத் தகப்பனும் என்னைப் போல ஓடித்தானே போனவன்."

பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அந்தத் தற்காலிக வைத்தியசாலைக்கு அவர் ஓடியது எனக்குத் தெரியும். வழியில் என்ன நடந்ததென்று தெரியாது. நான் கேட்டதில்லை. அந்த இரவில் அவர் எல்லாம் சொன்னார். பிள்ளை வழியில் தண்ணீர் கேட்டதையும், கொடுக்கக் கூடாதென்று யாரோ சொன்னதால் இவர் கொடுக்காமல் விட்டதையும், அதை மூன்று வருடமாக நெஞ்சில் வைத்துக்கொண்டிருந்ததையும் சொன்னார். இருவரும் அழுதோம். மகள் போன பிறகு நாங்கள் ஒன்றாக இருந்து அழுதது அதுதான் முதல் முறை.

அடுத்த வாரம் அருட்சகோதரியிடம் மகனின் கேள்வியைச் சொன்னேன். அவரும் உபதேசம் செய்யவில்லை. நற்செய்தியைத் திறந்து அந்தப் பகுதியின் கடைசி வரியை மட்டும் காட்டினார். பிள்ளை எழுந்ததும், அவளுக்குச் சாப்பிட ஏதாவது கொடுங்கள் என்று இயேசு சொன்னார். மாற்குவும் லூக்காவும் இருவருமே இதை எழுதியிருக்கிறார்கள். எல்லாரும் அற்புதத்தைப் பார்த்துத் திகைத்து நிற்க, பிள்ளைக்குப் பசிக்கும் என்று நினைத்தவர் அவர் ஒருவர்தான். "கேள்விக்குப் பதில் சொல்ல ஏலாட்டியும் பரவாயில்லை அம்மா. இருக்கிற பிள்ளைக்குப் பக்கத்தில இருந்து சோறு குடுங்கோ" என்றார் அருட்சகோதரி.

அன்றில் இருந்து எங்கள் வீட்டில் சாப்பாட்டு நேரத்தில் மகளின் பெயரைச் சொல்லத் தொடங்கினோம். அவளுக்குப் பிடித்த கறி, அவள் செய்த குழப்படி, மரத்தில் ஏறிய மாமா, எல்லாம் பேசினோம். மகன் இரவில் திடுக்கிட்டு எழும்புவது உடனே நிற்கவில்லை. ஆனால் எழும்பினால் எங்களைக் கூப்பிடத் தொடங்கினான். முன்னர் சத்தம் போடாமல் தனியே இருட்டில் குந்தியிருப்பான்.

மதலேனாவும் ஊர்ப்பேச்சும்

சீடர்கள் என்றதும் பன்னிரண்டு ஆண்கள்தான் எங்கள் நினைவுக்கு வருகிறார்கள். ஆனால் லூக்கா நற்செய்தியின் எட்டாம் அதிகாரம், மரிய மதலேனா, ஏரோதின் வீட்டு அலுவலர் கூசாவின் மனைவி யோவன்னா, சூசன்னா, இன்னும் பல பெண்கள் இயேசுவோடு கூடத் திரிந்ததாகவும், தங்கள் உடைமைகளைக் கொண்டு அந்தக் குழுவுக்கு உதவியதாகவும் சொல்கிறது. ஆண் சீடர்கள் பயந்து ஓடிய வேளையில் தூரத்திலாவது நின்று பார்த்தவர்கள் பெண்களே. கல்லறைக்கு விடியப்புறம் போனவர்களும் அவர்களே. அவர்கள் வந்து சொன்னதைச் சீடர்கள் முதலில் வீண்பேச்சு என்று தள்ளிவிட்டார்கள். கச்சேரி கச்சேரியாக அலைந்து சொன்னதையே திரும்பத் திரும்பச் சொன்ன எங்களுக்கு அது புதிதாகத் தோன்றாது.

மதலேனா விலைமாது என்று நற்செய்தியில் எங்கும் இல்லை. ஏழு பேய்கள் நீங்கி நலமானவள் என்றே இருக்கிறது. 591ஆம் ஆண்டளவில் பாப்பரசர் முதலாம் கிரகோரி ஆற்றிய பிரசங்கம் ஒன்றில், பெயர் சொல்லப்படாத பாவியான பெண்ணையும் மதலேனாவையும் ஒருவராகச் சேர்த்துவிட்டார். அந்தப் பெயர் ஆயிரத்து நானூறு வருடமாக அவளோடு ஒட்டிக்கொண்டது. பல படங்களும் அப்படியே காட்டின. 1969இல் கத்தோலிக்கத் திருச்சபை தன் வழிபாட்டு நாட்காட்டியில் அந்தக் குழப்பத்தை நீக்கியது. 2016இல் பாப்பரசர் பிரான்சிஸ் யூலை 22ஆம் திகதி வரும் அவளுடைய நினைவு நாளை, அப்போஸ்தலர்களுக்கு உரிய திருநாளின் நிலைக்கு உயர்த்தினார். 'மிரக்கிள் மேக்கர்' படம் அவளை மனம் குழம்பி அலைகிற, ஊரார் விரட்டுகிற ஒரு பெண்ணாகவே காட்டுகிறது. தனியே பிள்ளை வளர்க்கிற பெண்ணைப் பற்றி ஊர் என்ன பேசும் என்பது உங்களில் பலருக்குத் தெரியும். வளர்ந்த பெண் பிள்ளைகளோடு படம் பார்க்கும்போது இந்த விசயத்தைச் சொல்லிக் கொடுங்கள். ஒரு பெண்ணின் மேல் ஏறிய பொய்ப் பெயரை இறக்க எத்தனை காலம் எடுத்தது என்று அவர்கள் அறியட்டும்.

மீனவனும் வரிகாரனும்

பிள்ளைகள் பத்துப் பன்னிரண்டு வயதைத் தாண்டினால், 1977இல் தொலைக்காட்சிக்காக எடுக்கப்பட்ட 'ஜீசஸ் ஒஃப் நசரேத்' படத்தைக் காட்டலாம். பிராங்கோ செபிரெல்லி என்ற இத்தாலியர் இயக்கியது. இயேசுவாக றொபேட் பவல் நடித்தார். ஆறு மணித்தியாலத்துக்கும் கூடுதலாக ஓடும். நாங்கள் அதை நாலு ஞாயிற்றுக்கிழமைகளில் பிரித்துப் பார்த்தோம்.

அதில் ஒரு காட்சி. பேதுரு மீனவர். மத்தேயு உரோமருக்காக வரி தண்டுகிறவன். தன் உழைப்பைப் பறித்தவன் வீட்டு விருந்துக்கு இயேசு போகிறார் என்று பேதுருவுக்கு ஆத்திரம். இயேசு அந்த வீட்டில் ஊதாரி மகனின் உவமையைச் சொல்கிறார். வாசலில் வந்து நின்று கேட்கும் பேதுரு, அந்தக் கதையில் கோபித்துக்கொண்டு வெளியே நிற்கும் மூத்த மகன் தானே என்று உணர்கிறார். பிறகு உள்ளே வந்து மத்தேயுவோடு சமாதானமாகிறார். நற்செய்தியில் உவமை இருக்கிறது, விருந்து இருக்கிறது, ஆனால் இரண்டும் இப்படிச் சேர்ந்து வரவில்லை. படம் எடுத்தவர்கள் இணைத்த காட்சி இது. ஆனாலும் உண்மையான காட்சி.

யுத்தத்துக்குப் பிறகு எங்கள் ஊர்களில் யார் யாரைப் பற்றி என்ன சொன்னார்கள், யார் எந்தப் பக்கம் நின்றார்கள் என்ற கணக்கு இன்னும் முடியவில்லை. எங்கள் ஒழுங்கையிலேயே வேலிக்கு வேலி பேசாத இரண்டு வீடுகள் இருக்கின்றன. அந்த இரண்டு வீட்டுப் பெண்களும் அன்றைக்கு ஒரே அறையில் இருந்து இந்தக் காட்சியைப் பார்த்தார்கள். அவர்கள் கட்டிப்பிடித்து அழுதார்கள் என்று எழுத எனக்கு ஆசைதான். அப்படி நடக்கவில்லை. இன்றைக்கும் அவர்கள் பேசுவதில்லை. ஆனால் அவர்களின் பிள்ளைகள் ஒன்றாக விளையாடுவதை இப்போது யாரும் தடுப்பதில்லை.

நொண்டி நடக்கும் சீடன்

இப்போது மகனுக்கு இருபது வயதும் கடந்துவிட்டது. தகப்பனோடு கடலுக்குப் போகிறான். அவன் தன் தொலைபேசியில் எனக்குக் காட்டியது 'த சோசன்' என்ற தொடர். தெரிந்தெடுக்கப்பட்டவர்கள் என்று பொருள். டலஸ் ஜென்கின்ஸ் என்பவர் இயக்கி 2019 முதல் பருவம் பருவமாக வெளிவருகிறது. பார்ப்பதற்குக் கட்டணம் இல்லாத செயலி ஒன்றும் வைத்திருக்கிறார்கள். இது இயேசுவைவிடச் சீடர்களின் வீட்டுக் கதையைக் கூடுதலாகச் சொல்கிறது.

பேதுருவுக்கு மாமியார் இருந்ததாக நற்செய்தி சொல்கிறது. அப்படியானால் மனைவியும் இருந்திருக்க வேண்டும். வலையைப் போட்டுவிட்டுப் புருசன் போய்விட்டால் அவள் எப்படி அடுப்பெரித்தாள் என்று சிறுவயதில் இருந்தே எனக்கு ஒரு கேள்வி. இந்தத் தொடர் அவளுக்கு ஏடன் என்று பெயர் வைத்திருக்கிறது. மூன்றாம் பருவத்தில், பேதுரு ஊர் ஊராகப் போயிருக்கும் நேரத்தில் அவளுடைய கரு கலைந்துவிடுகிறது. அவர் திரும்பி வந்த பிறகும் அவளால் அதை உடனே சொல்ல முடியவில்லை. அந்தப் பகுதியைப் பார்க்கையில் மகன் என் முகத்தைப் பார்த்தான். சொல்லாமல் வைத்திருப்பது என்றால் என்னவென்று எங்கள் வீட்டுக்குத் தெரியும்.

அதே பருவத்தில் சின்ன யாக்கோபு என்ற சீடன் வருகிறான். கால் இழுத்து நடப்பவன். அதில் நடித்த ஜோர்டன் வாக்கர் றொஸ் என்பவருக்கு உண்மையிலேயே அந்தக் குறைபாடு உண்டு. மற்றவர்களின் நோயைக் குணமாக்க இயேசு அவனை அனுப்பும்போது, ஏன் என்னை மட்டும் குணமாக்கவில்லை என்று அவன் கேட்கிறான். குணமாகாமலே நீ காட்டும் விசுவாசம் பெரியது என்ற கருத்தில் இயேசு பதில் சொல்கிறார். ஒரு காலை இழந்து செயற்கைக் காலோடு வாழும் எங்கள் பக்கத்து வீட்டுத் தங்கச்சிக்கு இதைக் காட்டினோம். அவள் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுச் சொன்னாள்: "எனக்கு அந்தப் பதில் முழுக்கப் பிடிக்கேல்லை அக்கா. ஆனா அவன் வாய் திறந்து கேட்டானே, அது பிடிச்சிருக்கு."

என் மகன் எட்டு வயதில் இருட்டில் நடந்துகொண்டு கேட்டதும் அதே கேள்விதான்.

நான் கற்றுக்கொண்டவை

சகோதரிகளே, பிள்ளைகளுக்குப் படம் காட்ட நினைப்பவர்களுக்கு என் அனுபவத்தில் இருந்து சில விடயங்களைச் சொல்கிறேன். முதலில் நீங்கள் தனியே பாருங்கள். பெரிய பெயர் பெற்ற படம் என்பதற்காகவோ, சமயப் படம் என்பதற்காகவோ பிள்ளைக்கு நல்லதென்று நினைக்க வேண்டாம். சிறு பிள்ளைகளுக்குப் பொம்மைப் படமும் சித்திரப் படமும் நல்லது. சிலுவைக் காட்சிக்கு முன்னர் "இப்ப கொஞ்சம் கவலையான இடம் வருது, பார்க்க விருப்பமில்லாட்டி வெளியில போகலாம்" என்று சொல்லிவிடுங்கள். எழும்பிப் போகிற பிள்ளையை ஏசவேண்டாம், கூடப் போங்கள். விளக்கை முழுதாக அணைக்க வேண்டாம். சிலுவையோடு படத்தை நிறுத்திப் பிள்ளையைப் படுக்க விடாதீர்கள். நேரம் போனாலும் கல்லறை திறக்கும் இடம் வரை காட்டிவிடுங்கள்.

வேற்றுச் சமயத்துப் பிள்ளைகள் வந்தால், அவர்களின் தாய் தகப்பனிடம் கேட்டபின் கூட்டி வாருங்கள். நிவாரணப் பொதியைக் காட்டிப் படத்துக்கு அழைப்பது படத்துக்கும் அழகல்ல, பொதிக்கும் அழகல்ல. எங்கள் பிள்ளைகள் அவர்களின் கோவில் திருவிழாவில் கூத்துப் பார்ப்பதைப் போல, அவர்களும் இங்கே வந்து பார்த்துவிட்டுப் போகட்டும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, படம் முடிந்ததும் எழும்பி ஓட வேண்டாம். தேத்தண்ணி வைத்துக் கொடுத்து, பிள்ளை என்ன கேட்கிறது என்று கேளுங்கள். பதில் தெரியாவிட்டால் தெரியாது என்று சொல்லுங்கள். எங்கள் வீட்டில் மூடிக்கிடந்த கதவு திறந்தது படத்தால் மட்டுமல்ல, படம் முடிந்த பிறகு நடந்த கதையால்தான்.

சென்ற தவக்காலத்தில் அந்தப் பழைய 'இயேசு' படத்தை எங்கள் வீட்டு விறாந்தையில் போட்டோம். இப்போது மின்சாரம் இருக்கிறது, சுவரே திரை. ஒழுங்கைப் பிள்ளைகள் பதினைந்து பேர் வந்திருந்தார்கள். சக்கேயு மரத்தில் ஏறியதும் எல்லாரும் சிரித்தார்கள். என் கணவர் பின்னால் இருந்து, "எங்கட மூத்தவள் இந்த இடத்திலதான் சிரிச்சவள்" என்று அந்தப் பிள்ளைகளுக்குச் சொன்னார். "அவ இப்ப எங்க மாமா?" என்று ஒரு சின்னப் பெண் கேட்டாள். அவர் படத்தைக் கொஞ்சம் நிறுத்திவிட்டு, அவளைப் பற்றிச் சொல்லத் தொடங்கினார். நான் பிள்ளைகளுக்குச் சாப்பிட ஏதாவது எடுத்து வர அடுப்படிக்குப் போனேன்.